சேற்றுக்கு அடித்த யோகம்

சுண்ணாம்புக்காரி அதுவரை யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. எதிர்வீட்டுக்காரி மாடி எடுத்துக் கட்டியபோது செங்கல் இறக்க இவளே போய்க் கை கொடுத்தாள். தங்கைக்கு நிரந்தர வேலையில் இருக்கும் மாப்பிள்ளை அமைந்தபோது சந்தோஷத்தில் அழுதாள். அந்த அழுகையில் பாதிக்கு வேறு காரணம் என்று அவள் கணவர் சொன்னதை இன்றுவரை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக வயிறு எரிந்தது என்றால், அது ஒரு மூட்டைச் சேற்றைப் பார்த்துத்தான்.

அவள் வேலை பார்த்தது எவர்சில்வர் குழாய் செய்யும் தொழிற்சாலையில். சூளையிலிருந்து வரும்போது குழாய்கள் கரி அப்பிக்கொண்டுதான் வரும். அவற்றை அமிலத் தொட்டியில் முக்கி எடுத்தால் முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்பைப் படம் பிடித்துக் காலண்டர் போடுவார்கள். குழாயின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு வீரியம் போன அமிலத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. அது குழாய் வழியாகக் கொல்லைப்புறத்துக்கு வரும். அங்கே சுண்ணாம்புக்காரியும் அவள் கூட்டாளி நெட்டச்சியும் இன்னும் சில பெண்களும் அதில் சுண்ணாம்புப் பாலை ஊற்றுவார்கள். அது சீறும், புகையும், திட்டும், பிறகு அடங்கி அடியில் சேறாகப் படியும். அந்தச் சேற்றை இயந்திரத்தில் கொடுத்துப் பிழிந்தால், பச்சையும் பழுப்புமாகப் புண்ணாக்குக் கட்டிபோல வந்து விழும். அதை மூட்டை கட்டுவதும் இவர்கள்தான். அதிகாரிகள் அதைக் ‘கசடு’ என்றார்கள். நெட்டச்சி, பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, ‘மகாராணி’ என்று பெயர் வைத்தாள்.

அந்தப் பெண்கள் கேட்டது ஒரே ஓர் அறை. நான்கு சுவர், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, ஒரு தண்ணீர்க் குழாய். வேலை முடிந்ததும் அமிலம் தெறித்த உடுப்பை மாற்றிக்கொண்டு, கை கால் கழுவிக்கொண்டு, மனுஷியாக வீட்டுக்குப் போகவேண்டும். இப்போதைக்கு அவர்கள் சுண்ணாம்பு மூட்டைகளின் பின்னால்தான் உடுப்பு மாற்றினார்கள். இரண்டு பேர் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்வார்கள், ஒருத்தி மாற்றுவாள். தார்ப்பாயில் ஓர் ஓட்டை இருந்ததால் அந்த ஓட்டையை மறைத்து நிற்க இன்னொருத்தி. தலைக்கு மேலே கிரேன் போகும். கிரேன் ஓட்டுகிறவர் யோக்கியமான மனிதர். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டிப்போவார். அந்த ஹாரன்தான் அவர்களுக்குக் கதவு.

கோரிக்கை பாதுகாப்பு அதிகாரியிடம் போனது. அவருக்கு ‘ஹெல்மெட்’ என்று பெயர். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையை யாரும் பார்த்ததில்லை. நியாயமான கோரிக்கை என்றார். கமிட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் அதே அக்கறையோடு, அதே வார்த்தைகளில் சொன்னார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உண்மையாகவே சுவர் எழும்பியது. பெண்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடுப்பு மாட்ட யாருக்கு எந்த ஆணி என்று சண்டை வந்தது. நெட்டச்சி உயரத்தில் இருக்கும் ஆணிதான் வேண்டும் என்றாள். ஒருத்தி சோப்பு வாங்கி வைத்தாள். சுண்ணாம்புக்காரி தன் பங்குக்கு ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி, சிமெண்ட் காய்ந்ததும் உள்ளே சுவரில் மாட்டிவிட்டு வந்தாள்.

திறப்பு விழாவுக்குப் பொது மேலாளரே வந்தார். ரிப்பனை வெட்டி, பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார். ‘அபாயகரக் கசடு சேமிப்பு அறை. அனுமதியின்றி நுழையக் கூடாது’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் சுண்ணாம்புக்காரியும் நாலு தட்டுத் தட்டிவிட்டாள்.

நடந்தது இதுதான். போன மழைக்காலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் வந்திருந்தார். கொட்டுகிற மழையில் சேற்று மூட்டைகள் நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு மனசு தாங்கவில்லை. இதற்குத் தலைக்கு மேல் ஒரு கூரைகூடவா இல்லை என்று குரல் உடைந்து கேட்டார். அப்போது அவர் தலைக்கு மேல் குடை பிடித்தபடி, தான் தொப்பலாக நனைந்து நின்றவள் சுண்ணாம்புக்காரி. அவருடைய இளகிய மனசை அவளே நேரில் பார்த்தவள். இளகியது யாருக்காக என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவள் நேரே ஹெல்மெட்டிடம் போனாள். “சார், ரூம் கேட்டது நாங்க.”

“ஆமாம்மா, நீங்கதான் கேட்டீங்க. நான் இல்லேன்னு சொல்லலையே.”

“அப்புறம் ஏன் அதுக்குக் குடுத்திருக்கீங்க?”

அவர் பொறுமையாக விளக்கினார். “இங்க பாரும்மா. உங்களுக்கு ரூம் இல்லேன்னா நீங்க கேப்பீங்க. அதுக்கு ரூம் இல்லேன்னா கவர்மென்ட் கேக்கும். நான் யாருக்குப் பதில் சொல்லணும், நீயே சொல்லு.”

கேட்ட கையோடு மூட்டைகளை உள்ளே கொண்டுபோய் அடுக்கச் சொன்னார். தன் ஆணிக்கு நேர் கீழே முதல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவள், தன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். சக்களத்தியை வாசல்வரை கொண்டுவந்து விட்டவளின் முகம்.

அதற்குப் பிறகு மகாராணிக்குச் செய்த உபசாரத்தைக் கேட்டால் உங்களுக்கும் எரியும். புகை போகக் காற்றாடி வைத்தார்கள். அமிலம் தாங்கும் செங்கல்லால் தரை போட்டார்கள். தினமும் காலையில் எடை பார்த்தார்கள். ஒருநாள் கொஞ்சம் எடை குறைந்துவிட்டது என்று ஹெல்மெட் பதறிப்போய் விசாரணை வைத்தார். ஈரம் காய்ந்ததால் இளைத்திருக்கிறது என்று நிபுணர் வந்து சொன்ன பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது. அதே காலத்தில் சுண்ணாம்புக்காரியும் இளைத்துத்தான் போயிருந்தாள். உடுப்பைக் கயிறு போட்டுக் கட்டவேண்டி இருந்தது. அதை விசாரிக்க நிபுணர் வரவில்லை.

மாதாமாதம் பரிசோதனைக்கூடத்துப் பையன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வருவான். மூட்டையை அவ்வளவு பக்குவமாகத் திறந்து, துளி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, நலமா என்று பார்ப்பதற்கு எடுத்துப்போவான். சுண்ணாம்புக்காரிக்கு அந்த வருஷம் இருமல் விடவே இல்லை. தம்பி, என்னையும் ஒரு தடவை பாரேன் என்று கேட்டுப்பார்த்தாள்.

“பாக்கலாம்கா. ஆனா உங்களுக்குச் சாம்பிள் எடுக்கிற இடம்னு எதுவும் குறிக்கலையே,” என்றான் பையன். அவனுக்கும் வருத்தம்தான்.

மகாராணி வெளியூர் கிளம்பினால் இன்னும் தடபுடல். அவளைப் புதைக்கிற இடம் தொலைவில் இருந்தது. மூடிய லாரி, அதற்கென்று பயிற்சி எடுத்த ஓட்டுநர், கலர் கலராகக் காகிதங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஹெல்மெட்டுக்குப் போன் வரும். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று கேட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குக் கிளம்புவார். சுண்ணாம்புக்காரி சேறு காய்ந்த உடுப்போடு பேருந்தில் நிற்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்வதால் அவளுக்கு எப்போதும் இடம் கிடைத்தது என்பது மட்டும் ஒரு வசதி.

அவள் கணவர் பஞ்சர் ஒட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது. வாசலில் அவள் தலை தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவார். “என்ன, உன் சக்களத்தி இன்னைக்கு எப்படி இருக்கா?”

“அவளுக்கென்ன. புதுசா பல்பு போட்டிருக்காங்க. ராத்திரி பூரா எரியுதாம்.”

“இருட்டுன்னா பயப்படுவா போல.”

“நான் இருமுறது உங்களுக்குக் கேக்குதா இல்லையா?”

“கேக்குது. நானும் இங்க ஒரு கமிட்டி போட்டிருக்கேன்,” என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு வெந்நீர் வைக்கப் போனார். அந்தத் தொழிற்சாலை சம்பந்தப்பட்ட விஷயத்தில் உடனே முடிவெடுத்த ஒரே ஆள் அவர்தான்.

ஆற்றாமை தாங்காமல் அவள் மறுபடியும் ஹெல்மெட்டிடம் போனாள். இந்தமுறை அவர் சட்டத்தையே எடுத்துச் சொன்னார். “கசடு இருக்கே, அது பொறந்ததுலேருந்து மண்ணுக்குள்ள போறவரைக்கும் கம்பெனிதான் பொறுப்பு. நடுவுல கைவிட முடியாது. கைவிட்டா ஜெயில். உங்க விஷயம் அப்படியில்ல. உங்களுக்குக் கான்ட்ராக்டர் இருக்கார். அவருக்கு நீங்க பொறுப்பா, உங்களுக்கு அவர் பொறுப்பாங்கறது உங்களுக்குள்ள பேசிக்கவேண்டியது.”

“சார், அது பொறந்ததே என் கையாலதான். சுண்ணாம்பு ஊத்துறது நான்.”

“பெத்தவ யாருங்கறது சட்டத்துக்கு வேண்டாம்மா. உற்பத்தியாளர் யாருங்கறதுதான் கேள்வி,” என்றார்.

கழிவுப் பாதுகாப்பு வாரம் வந்தது. எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்து, பந்தலில் இருந்தபடி பொது மேலாளர் பேசினார். “நம்முடைய கசடை நாம் கழிவாக நினைப்பதில்லை. குடும்பத்தில் ஒருவராக நினைக்கிறோம். வெளிப்படையாகச் சொல்கிறேன், என்னைப் பெற்ற தாயைக்கூட நான் மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துப்போனதில்லை. அவர் எங்கே இருக்கிறார், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று போன் போட்டுக் கேட்டதில்லை. ஆனால் இந்தக் கசடுக்குச் செய்கிறோம். ஏன்? மனசாட்சி. அதோடு, ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்.” கைதட்டல் ஓய நேரமானது. சிறந்த கசடு அறைக்கான கேடயத்தை நிர்வாகம் தனக்குத்தானே வழங்கிக்கொண்டது. கேடயம் மகாராணியின் அறையிலேயே, சுண்ணாம்புக்காரியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. நெட்டச்சி ஆசைப்பட்ட உயரமான ஆணியில்.

விஷயம் திரும்பியது ஆய்வாளரின் அடுத்த வருகையில். அறையைப் பார்த்து மகிழ்ந்தவர், கசடு பட்ட சாமான்களையெல்லாம் எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். சாக்கு, கந்தல், கையுறை என்று கசடு எதில் ஒட்டினாலும் அதுவும் அபாயகரக் கழிவுதான், இந்த அறையில்தான் இருக்கவேண்டும், ஒரு நூல்கூடக் கேட்டைத் தாண்டக்கூடாது என்றார். ஹெல்மெட் பயபக்தியோடு தலையாட்டினார்.

பின்னால் நின்ற நெட்டச்சி தன் சட்டைக் கையை நீட்டினாள். முழங்கைவரை சேறு காய்ந்திருந்தது. “அப்ப இது சார்?”

ஆய்வாளர் பார்த்தார். விதியில் ஆளைப் பார்த்து விலக்கு இல்லை. “இதுவும்தான்.”

அன்று சாயங்காலம் கேட்டில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். உடுப்பு வெளியே போகக்கூடாது, ஆட்கள் போகலாம் என்றார் காவலர். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று நெட்டச்சி கேட்டாள். காவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அதற்குத் தடை இல்லை. ஆனாலும் அவர் முகம் சிவந்துபோய் ஹெல்மெட்டுக்குப் போன் போட்டார்.

ஹெல்மெட்டும் ஆய்வாளரும் கேட்டிலேயே ஆலோசித்தார்கள். உடுப்பில் ஒட்டிய கசடைப் பற்றி விதி இருந்தது. உடுப்புக்குள் இருப்பவர்களைப் பற்றி இல்லை. அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புக்காரிக்கு இருமல் வந்தது. நல்ல நீளமான இருமல். கைக்குட்டையில் பச்சையும் பழுப்புமாக ஏதோ வந்தது. ஆய்வாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

“வெளியில மட்டும் இல்ல, உள்ளேயும் போயிருக்கு. அப்ப இவங்க கொள்கலன்,” என்றார். அபாயகரப் பொருள் உள்ளே போய்வந்த பீப்பாய், டப்பா, குடம் எல்லாம் ‘மாசுபட்ட கொள்கலன்’ என்ற இனத்தில் வரும். அவற்றைக் கூரைக்கடியில் வைக்கவேண்டும். வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். மாதம் ஒருமுறை பரிசோதிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கம்பெனியே பொறுப்பு.

ஹெல்மெட்டுக்கு அவ்வளவு சந்தோஷம். “பாத்தியாம்மா, எத்தனை வருஷமா உங்களை எதுல சேக்கறதுன்னு தெரியாமத் தவிச்சுட்டிருந்தேன்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததாக நெட்டச்சி பிற்பாடு சத்தியம் செய்தாள்.

கமிட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்தது ஒரே வாரத்தில் நடந்தது. மகாராணியின் அறைக்குள் ஒரு தடுப்புச்சுவர், தனிக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய். ஒவ்வொருத்தி தோளிலும் மண்டையோடு போட்ட ஸ்டிக்கர். சுண்ணாம்புக்காரி தன் கண்ணாடியை எடுத்துவந்து தடுப்புச்சுவரில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முதன்முதலாகக் கைகால் கழுவினாள். தலைக்கு மேல் கிரேன் போனது. பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். இந்தத் தடவை முழுக்க ஒரே காரணத்துக்காகத்தான்.

ஆனால் ஒருமுறை பிடித்த பொறாமை லேசில் விடுமா? காற்றாடி தடுப்புக்கு அந்தப் பக்கம் மகாராணியிடம்தான் இருந்தது. விளக்கும் அவளுக்குத்தான் நேராக எரிந்தது. அதைப் பற்றிச் சுண்ணாம்புக்காரி புகார் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவளைப் பார்த்து வயிறெரிகிறவர்களும் வந்துசேர்ந்தார்கள். பேக்கிங் பிரிவில் நிரந்தர வேலையில் இருந்த பெண்கள். அவர்கள் கழிவறையில் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. பரிசோதனையும் கிடையாது. அவர்களில் ஒருத்தி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கையில் ஒரு மூடி போட்ட டப்பாவோடு சுண்ணாம்புக்காரியிடம் வந்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் சேறு குடுங்க. கைல மட்டும் தடவிக்கிறோம்.”

“கைல தடவினா உடுப்புக்குத்தான் ரூம் குடுப்பாங்க. ஆளுக்கு வேணும்னா உள்ள போகணும்டி,” என்றாள் நெட்டச்சி, அனுபவசாலியின் அலட்சியத்தோடு. கசடு திருட்டுப் போகிறது என்று தெரிந்து ஹெல்மெட் பூட்டை மாற்றினார்.

பரிசோதனைக்கூடத்துப் பையன் இப்போது இவர்களிடமும் கையுறையோடு வந்தான். ரத்தம் எடுத்தான். முடிவைக் கொண்டுவந்து, ரத்தத்தில் நிக்கல் இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது என்று வாசித்தான்.

“பயப்படாதீங்கக்கா. அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு.”

“ஆளுக்கு அவ்வளவு இருக்கலாமாப்பா?”

அவன் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். “இது கொள்கலனுக்கு உண்டான அளவுக்கா. ஆளுக்குன்னு இதுல போடலை.”

அந்தத் தாளை மடித்து அவள் ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டாள். கணவர் அதைப் பார்த்துவிட்டு எந்த நையாண்டியும் செய்யவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வேலையை விட்டுவிடேன் என்றார். விட்டால் யார் பரிசோதிப்பார்கள் என்று கேட்டாள். இருமலுக்கு மருந்து வருவதாக ஹெல்மெட் சொல்லியிருந்தார். அறையும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு வெளியே போய் வெறும் மனுஷியாக இருக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் உலகத்தில் எங்கேயோ நிக்கல் விலை ஏறியது. ஓர் உருக்காலைக்காரர் வந்து மகாராணியைக் கிள்ளிப் பார்த்தார், எடையைக் கேட்டார், முகத்தில் வெளிச்சம் வந்தது. இவளுக்குள்ளே இத்தனை நிக்கலா, இதையா இத்தனை நாள் மண்ணில் புதைத்தீர்கள் என்று கடிந்துகொண்டார். அடுத்த நாளே பொது மேலாளர் கூட்டம் போட்டு அறிவித்தார். “இது கழிவே அல்ல. கழிவு என்று யார் சொன்னது? இது நம் உலோக வளம். இவ்வளவு காலம் இதை அபாயகரம் என்று இழிவுபடுத்தியவர்கள் வெட்கப்படவேண்டும்.” பழைய பலகையின் துணியை இழுத்துத் திறந்துவைத்தவரும் அவர்தான். வெட்கப்படவேண்டியவர்களைத் தேடுவதுபோலக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தலைகுனிந்துகொண்டது.

சேறு கழிவு இல்லை என்றானபோது சேறு பட்டதும் கழிவு இல்லை என்றானது. உடுப்பு உடுப்பாகிவிட்டது. கொள்கலன்கள் ஒப்பந்தக்காரருக்குத் திரும்பிவிட்டன. தோளில் இருந்த ஸ்டிக்கரை ஹெல்மெட்டே வந்து உரித்தெடுத்தார். உலோக வளத்தை விசாலமாக வைக்க இடம் தேவைப்பட்டதால் தடுப்புச்சுவரை இடித்தார்கள். சுண்ணாம்புக்காரி இடிபாட்டுக்குள் கையை விட்டுத் தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

வெளியே லாரி நின்றது. மூட்டைகளை வழக்கம்போல இவர்கள்தான் ஏற்றினார்கள். பொது மேலாளர் கையசைத்தார். உருக்காலைக்காரர் கடைசி மூட்டையைத் தட்டிக்கொடுத்தார். லாரி கேட்டைத் தாண்டும்போது காவலர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நெட்டச்சி தார்ப்பாயைத் தேடிக்கொண்டு சுண்ணாம்பு மூட்டைப் பக்கம் போனாள்.

சுண்ணாம்புக்காரி போகவில்லை. மடியில் இருந்த தாளை எடுத்து ஹெல்மெட்டிடம் நீட்டினாள்.

“சார், அவகிட்ட நிக்கல் இருக்குன்னு கழிவுலேருந்து தூக்கிட்டீங்க. லாரி வச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. என்கிட்டயும் நிக்கல் இருக்குன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. என்னை எப்ப சார் ஏத்துவீங்க?”

அவர் அவளை விரட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தாளை வாங்கி, ஹெல்மெட்டைச் சற்றே மேலே தள்ளிக்கொண்டு, நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு தாளைப் பத்திரமாக மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இந்த அளவு பத்தாதும்மா,” என்றார். “இன்னும் கொஞ்ச வருஷம் வேலை பாரு. பாக்கலாம்.”

அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.